பிபியானா நுழைந்த நாடகம்

மோண்டோ கெரெங்கா தன் பன்றிக்கு 'டாக்டர் கொனியோ' என்று பெயர் வைத்திருந்தான். மலைநாட்டு ஊரான கொரோகாவில் நாடகம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஏன் வைத்தான் என்பதும் தெரியும்.

தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிற 'பிலாய்' நாடகப் பத்திரிகையில் டாக்டர் கொனியோ டோவா அவனுடைய நாடகம் ஒன்றைப் பற்றி நீளமான கட்டுரை எழுதியிருந்தாள். மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாவற்றோடும் முறையாக எழுதிய கட்டுரை. அதன் நடுவில் ஒரு வரி வந்தது: "கெரெங்காவின் பாத்திரங்கள் அருமையாகப் பேசுகின்றன, ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்பதுதான் இல்லை." மற்ற பக்கங்களில் எவ்வளவோ பாராட்டு இருந்தது. அவன் மனதில் ஒட்டிக்கொண்டது அந்த ஒரு வரிதான். அந்த வாரமே வாங்கிய குட்டிக்கு அந்தப் பெயரை வைத்தான்.

பிலாயைத் திட்டாத நாடகக்காரன் நாட்டில் இல்லை. புது இதழ் கைக்கு வந்தால் முதலில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடாதவனும் இல்லை. நம் நாடகங்களுக்கென்று அது ஒன்றுதான் இருந்தது. ராபவுலில் மீனவர்கள் போட்டது, மானுஸ் தீவில் பெண்கள் போட்டது, அலோடாவில் தேவாலயக் கூடத்தில் ஒரே ஒரு நாள் நடந்து மறைந்துபோனது என்று எதுவாக இருந்தாலும் யாராவது ஒருவர் போய்ப் பார்த்து, யார் என்ன பேசினார்கள், எங்கே நின்றார்கள், ஜனங்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று எழுதி அனுப்புவார்கள். அதை வரிவரியாகச் சரிபார்த்து அச்சில் ஏற்றுகிறவள் கொனியோ. பல்கலைக்கழக நூலகத்தின் பின்னால், குளிர்சாதனப் பெட்டி ஒழுகிக்கொண்டிருக்கும் ஓர் அறைதான் அவளுடைய அலுவலகம்.

ஒரு நாள் மோண்டோவுக்கு அவளே போன் செய்தாள்.

"உங்க 'பாலம்' நாடகத்தை முழுசா பிலாய்ல போடணும். பிரதி அனுப்பறீங்களா?"

"பிரதி கிடையாது" என்றான் மோண்டோ. "கடைசிப் பேச்சு மட்டும்தான் எழுதி வச்சது. மிச்சமெல்லாம் பசங்க வாயில இருக்கு."

"அப்ப நான் வரேன்."

மலைநாட்டு மழைக்காலத்தில் கடற்கரைக்காரி ஒருத்தி வருவதாவது என்று அவன் அதோடு மறந்துவிட்டான். ஆனால் சொன்ன வாரத்தில் கொரோகா விமான நிலையத்தில் அவள் இறங்கினாள். ஐம்பதைத் தாண்டிய வயசு, கனத்த உடம்பு, இடது முழங்காலில் ஒரு பட்டி. தோளில் ஒரு வலைப்பை, அதற்குள் ஒலிப்பதிவுக் கருவி. ஒத்திகையை ஒரு முறை உட்கார்ந்து பார்த்தாள். கடைசிப் பேச்சு முடிந்ததும் எழுந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே போனாள். சளியா, அழுகையா என்று மோண்டோவுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் குழு கிளம்பியது. கெம்போக்லுக்கு மேலே கோரகுமா என்ற ஊரில் நாடகம். குண்டியாவா வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒரு பிக்கப் வண்டியில் ஏறினார்கள். பாதி மலை ஏறியதும் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. இறங்கி நடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"டாக்டர், நீங்க வண்டியிலயே திரும்பிடுங்க" என்றான் மோண்டோ. "இது நடக்கற வழி இல்லை. வழுக்கற வழி."

"நான் நாடகம் பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மோண்டோவின் மச்சான் கவுபா குழுவின் மூத்த நடிகன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். ஒரு தடி வெட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நடந்தான்.

"டாக்டர், உங்க பேர்ல எங்க மச்சான் ஒரு பன்றி வளர்க்கிறார். தெரியுமா?"

மோண்டோவுக்கு அந்தச் சரிவிலேயே உருண்டு போய்விடலாம் என்று இருந்தது.

"நல்லா சாப்பிடுதா?" என்று கேட்டாள் கொனியோ.

"சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. ஆனா யார் பேச்சையும் கேட்காது. வேலியை முட்டிக்கிட்டு அது பாட்டுக்குப் போகும்."

"பொருத்தமான பேர்தான்" என்றாள் அவள். மூச்சு வாங்க நின்று, மோண்டோவைத் திரும்பிப் பார்த்தாள். "கோவமா இருந்தீங்கன்னு தெரியும். இவ்வளவு கோவம்னு தெரியாது. பன்றி வாங்கற காசு சும்மாவா?"

கவுபா சிரித்த சிரிப்பு பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. மோண்டோவும் வேறு வழியில்லாமல் சிரித்தான்.

நடை நெடுக அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நாடகத்தில் வருகிற விதவை ஏன் இடது பக்கம் உட்காருகிறாள்? பன்றிகளை எண்ணும்போது கவுபா விரலை மடக்குவது அவர் ஊர் வழக்கமா, நாடகத்துக்காகச் செய்ததா? மோண்டோ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். பிறகு அவள் கேட்டாள்:

"உங்க பழைய தேர்தல் நாடகத்துல கிழவர் தொப்பியைக் கழட்டி ஆத்துல போடுவாரே, அது நீங்க எழுதினதா, நடிச்சவர் அன்னைக்குத் தானா செஞ்சதா?"

மோண்டோ நின்றுவிட்டான். அந்த நாடகம் ஒரே ஒரு தடவைதான் நடந்தது. கெரோவாகி பள்ளி மைதானத்தில், கொட்டுகிற மழையில், பார்க்க ஆளே இல்லாமல்.

"அதை யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை. நான் அங்க இருந்தேன். வாழை இலையைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு."

மோண்டோவுக்கு அந்த வாழை இலை ஞாபகம் வந்தது. "பள்ளிக்கூட ஆயான்னு நினைச்சேன். பிள்ளையைத் தேடிட்டு வந்திருக்காங்கன்னு."

"நாடகத்தைத் தேடிட்டு வந்தேன்."

அதற்கப்புறம் அவன் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லவில்லை. மேடான இடங்களில் அவனே அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

கோரகுமாவில் ஊரே காத்திருந்தது. கூத்துக்கும் கூட்டத்துக்கும் என்று விட்டிருந்த புல்வெளியைச் சுற்றி ஜனங்கள் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் இன்னொரு பக்கம். மத்தியான வெயில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. நாடகம் தொடங்கியது.

கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆற்றுக்கு மேலே ஒரு பாலம். அது நிற்கும் கரை யாருடையது என்று இரண்டு குலங்களுக்குத் தகராறு. தகராறில் பாலத்தைப் பழுது பார்க்காமல் விட, ஒரு மனுஷன் அதிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். சாவுக்கு ஈடாக எத்தனை பன்றி கொடுப்பது என்று இரண்டு குலத் தலைவர்களும் பேரம் பேசுகிறார்கள். ஒரு தலைவன் கவுபா, இன்னொருவன் கிக்மாய் என்ற நடிகன். செத்தவனின் மனைவியாக ஒடிலியா துக்கத்துக்கு அடையாளமாக உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசி ஓரமாக உட்கார்ந்திருப்பாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கடைசியில் அவள் எழுந்து ஒரு நீண்ட பேச்சுப் பேசுவாள். மோண்டோ நாலு மாசம் அடித்துத் திருத்தி எழுதிய பேச்சு அது. அதைக் கேட்டு அழாத ஊர் கிடையாது.

பேரம் சூடு பிடித்தது. கவுபா விரல் மடக்க, கிக்மாய் தலையாட்ட மறுக்க, ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

நாற்பது வயசு இருக்கும். பின்னிக்கொண்டிருந்த வலைப்பையைக் கையில் வைத்தபடியே புல்வெளிக்குள் நடந்து வந்தாள். நேராக ஒடிலியாவிடம் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அவள் பெயர் பிபியானா என்பதும், ஒரு வருஷத்துக்கு முன் இதேபோல் ஆற்றில் புருஷனைப் பறிகொடுத்தவள் என்பதும் மோண்டோவுக்குப் பிறகுதான் தெரியும். அப்போது அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாடகம் கெட்டுப்போகிறது. ஊர்க் கவுன்சிலர் அதற்குள் எழுந்து நின்றுகொண்டு கத்தினார்: "ஏய், பிபியானா! நீ நாடகத்துல இல்லை, எழுந்து வா."

கவுபாவும் கிக்மாயும் பேச்சை நிறுத்திவிட்டு மோண்டோவைப் பார்த்தார்கள். என்ன செய்வது என்று அவன் சொல்ல வேண்டும். ஒடிலியா அவனைப் பார்க்கவில்லை. அவள் பிபியானாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோண்டோ கையைத் தூக்கினான். அவளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவை என்று காட்டத்தான் தூக்கினான். தூக்கிய கை தானாகத் தாழ்ந்து, நடிகர்களைப் பார்த்து, உட்காருங்கள் என்று காட்டியது. ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

கவுபா பழம் தின்று கொட்டை போட்டவன். கவுன்சிலர் பக்கம் திரும்பி, குலத் தலைவனின் குரலிலேயே சொன்னான்: "ஐயா, அவ எங்க வீட்டுப் பொண்ணுக்குத் துணைக்கு வந்திருக்கா. சாவு வீட்டுக்கு வந்தவளைப் போன்னு சொல்றது எந்த ஊர் வழக்கம்?" கவுன்சிலர் உட்கார்ந்தார். கவுபாவும் உட்கார்ந்தான். கிக்மாயும்.

"இன்னும் சாப்பிடலை அக்கா" என்றாள் ஒடிலியா.

"சாப்பிடத்தான் வேணும். உன் தோட்டத்தை யார் பார்த்துக்கறா?"

"யாரும் இல்லை. களை மண்டிப்போச்சு."

"என்னுதுல கொழுந்தன் வந்து கிழங்கைத் தோண்டிட்டுப் போறான். கேட்டா, எங்க அண்ணன் தோட்டம்கிறான். அவங்க அண்ணனுக்குச் சர்க்கரைவள்ளி எந்தப் பக்கம் நடறதுன்னே தெரியாது. நட்டது நான்."

பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு வெடித்தது. பின் அது அடங்கியது. ஆண்கள் பக்கம் யாரும் அசையவில்லை. இரண்டு பெண்களும் தணிந்த குரலில் பேசிக்கொண்டே போனார்கள். ராத்திரியில் பிள்ளை அப்பாவைக் கேட்டால் என்ன சொல்வது, அவன் கோடரியை யாரிடம் கொடுப்பது, மண் பூசிய உடம்பை எப்போது கழுவுவது என்று. தோட்டத்துப் பேச்சுத்தான், வேறு ஒன்றுமில்லை. பன்றி எண்ண வந்த இரண்டு தலைவர்களும் அதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கவுபாவின் முகத்தை மோண்டோ பார்த்தான். அவன் நடிக்கிறானா, நிஜமாகவே கேட்கிறானா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் பிபியானா எழுந்து, ஒடிலியாவையும் கை கொடுத்து எழுப்பி, "வா, கழுவிக்கலாம்" என்று ஓடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனார்கள். நாடகம் அதோடு முடிந்தது. அந்தக் கடைசிப் பேச்சு பேசப்படவே இல்லை.

கொனியோவை மோண்டோ திரும்பிப் பார்த்தான். அவள் ஒன்றும் எழுதவில்லை. கருவி புல்லில் ஓடிக்கொண்டிருக்க, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை, சாம்பலில் சுட்ட கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டே சண்டை ஆரம்பித்தது.

"பிலாய்ல என் பேச்சைத்தான் போடணும்" என்றான் மோண்டோ. "நேத்து நடந்தது நாடகம் இல்லை. ஒரு அம்மா எழுந்து வந்தது. அவ்வளவுதான்."

"உங்க பேச்சு எனக்குப் பிடிச்சிருந்தது. ஒத்திகையில வெளியே போனேனே, சளின்னு நினைச்சீங்களா?"

"அப்ப அதையே போடுங்க."

"போடறேன். நீங்க சொன்னா போட வேண்டியதுதான், உங்க நாடகம். ஆனா நேத்து அதை வேண்டாம்னு சொன்னதும் நீங்கதானே? கையைக் காட்டினது நீங்க. நான் பார்த்தேன்."

மோண்டோ கிழங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். ஓடைக்கரையில் ஒடிலியா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதோரம் இன்னும் கொஞ்சம் வெள்ளை மண் ஒட்டியிருந்தது.

"நேத்து அந்தப் பேச்சைப் பேசாம விட்டது உனக்குக் கஷ்டமா இருந்ததா?"

ஒடிலியா துணியைப் பிழிந்து கல்லில் வைத்தாள்.

"நல்ல பேச்சுண்ணே அது. பேசினா எனக்கே மயிர்க்கூச்செறியும். ஆனா அதைப் பேசறப்ப நான் ஒருத்தர் முகத்தையும் பார்த்ததில்லை. எதிர்ல இருக்கற மலையைப் பார்த்துத்தான் பேசுவேன். நேத்துதான் முதல் தடவையா எதிர்ல ஒரு முகம் இருந்தது."

 அவன் திரும்பி வந்தபோது கொனியோ கிளம்பத் தயாராக இருந்தாள்.

"பேச்சு வேண்டாம்" என்றான். "நேத்து நடந்ததைப் போடுங்க."

"அப்ப முதல்ல அந்த அம்மாவைக் கேட்கணும்" என்றாள் அவள்.

பிபியானா தன் வீட்டு வாசலில் பின்னிக்கொண்டிருந்தாள். கொனியோ கேட்டதை ஒடிலியா அந்த ஊர்மொழியில் எடுத்துச் சொன்னாள். நீ பேசினதை ஒரு பத்திரிகையில் அச்சடிக்க வேண்டும், தூரத்து ஊர்களில் படிப்பார்கள், பல்கலைக்கழகத்தில் பாடமாகக்கூட வைப்பார்கள், சம்மதமா?

"நான் தோட்டத்தைப் பத்தித்தானே பேசினேன்" என்றாள் பிபியானா. "அதை எதுக்குப் படிக்கணும்?"

"அதை இதுவரைக்கும் யாரும் மேடையில பேசலை" என்றாள் கொனியோ.

பிபியானா ஒரு வரிசை பின்னி முடித்தாள். "போட்டுக்கோ. என் பேரையும் போடு. ஆனா கொழுந்தனைப் பத்திச் சொன்னதை எடுத்துடு. நீங்க போயிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்."

"எடுத்துடறேன்" என்றாள் கொனியோ. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இறங்கும் வழியில் மோண்டோவால் பொறுக்க முடியவில்லை. "அந்த வரிக்குத்தான் டாக்டர் பெண்கள் அப்படிச் சிரிச்சாங்க. அதுக்கு மேல ஒண்ணு கிடையாது. அதைப் போய் இப்படிச் சட்டுனு விட்டுட்டீங்களே?"

"விட மனசா எனக்கு?" என்றாள் அவள், தடியை ஊன்றிக்கொண்டு. "அந்த வரிக்காகத் தனியா ஒரு கட்டுரையே எழுதுவேன். ஆனா அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்களே."

முழங்கால் வீங்கியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். அவளைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே மோண்டோ நடந்தான். ஒரு மனுஷி ஒரு நாடகத்தைப் பார்க்க இவ்வளவு தூரம் வருவாளா என்று அவன் அதிசயப்பட்டது வரும்போது. கைக்குக் கிடைத்ததில் உயர்ந்ததை இப்படி வைத்துவிட்டுப் போவாளா என்று இப்போது அதைவிட அதிசயமாக இருந்தது.

அதற்கப்புறம் மாசக்கணக்கில் போன் வந்துகொண்டே இருந்தது.

"கவுபா அந்த இடத்துல 'ம்'னு சொன்னாரா, தொண்டையைச் செருமினாரா?"

"அது முக்கியமா டாக்டர்?"

"செருமினா அவருக்கு ஒத்துக்க மனசில்லைன்னு அர்த்தம். 'ம்'னா ஒத்துக்கிட்டார்."

மோண்டோ கவுபாவைக் கேட்பான். கவுபா எழுந்து நின்று, அந்த இடத்தை மறுபடி நடித்துப் பார்த்து, "செருமிட்டு அப்புறம் 'ம்' சொன்னேன் மச்சான்" என்பான். அதுவும் அச்சில் ஏறும். முதலில் எரிச்சலாக இருந்த போன், நாளாக ஆக, வராத வாரங்களில் என்ன ஆயிற்று என்று அவனே கூப்பிட்டுக் கேட்கும்படி ஆயிற்று.

இதழ் வந்தது. எழுதியவர்கள் என்ற இடத்தில் மோண்டோ கெரெங்கா, ஒடிலியா வெமின், பிபியானா காண்டே, குழுவினர் என்று இருந்தது. இன்னொருத்தர் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரைப் பார்ப்பது மோண்டோவுக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது அது சரியாகத்தான் இருந்தது. அடிக்குறிப்பில், ஒரு வரி அதைச் சொன்னவரின் விருப்பப்படி நீக்கப்பட்டது என்று மட்டும் போட்டிருந்தாள். என்ன வரி என்று எங்கேயும் இல்லை.

பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒடிலியாவும் அவனும் கோரகுமாவுக்குப் போனார்கள். ஒடிலியா அதை ஊர்மொழியில் வாசித்துக் காட்ட, பிபியானா பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நானா இவ்வளவு பேசினேன்?"

"நீங்கதான்கா."

"பரவாயில்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் பெயர் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

அந்த இதழை வைத்துக்கொண்டு மற்ற ஊர்க்காரர்களும் 'பாலம்' போட ஆரம்பித்தார்கள். பிபியானா எழுந்து வந்த கட்டத்தில் மானுஸில் ஒரு குழு சும்மா காத்திருந்ததாம். கூட்டத்திலிருந்து ஒரு கிழவி வந்து உட்கார்ந்து கடலைப் பற்றிப் பேசினாளாம். அலோடாவில் யாருமே வரவில்லையாம். விதவை தனியாகவே உட்கார்ந்திருக்க, ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டார்களாம். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பிலாய்க்கு எழுதினார்கள். கொரோகா சந்தையில் பாக்கு விற்கிற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து மோண்டோ அதையெல்லாம் படித்தான். தான் எட்டியே பார்க்காத ஊர்களில் தன் நாடகம் என்ன ஆகிறது என்பதைச் சொல்ல நாட்டில் ஓர் இடம் இருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு முழுதாக உறைத்தது.

மறுபடி கொனியோ போன் செய்தாள். லே நகரத்தில் தொழில் கல்லூரிப் பெண்கள் சிலர் மீன் டப்பா ஆலையைப் பற்றி ஒரு நாடகம் போடுகிறார்கள். முழங்காலுக்கு அறுவை சிகிச்சை, அவளால் போக முடியாது.

"நீங்க போய் எழுதிக் கொடுங்க."

"நானா? எனக்குத் திட்டத்தான் தெரியும்."

"திட்டறதா இருந்தாலும் முழுசா பார்த்துட்டுத் திட்டுங்க. யார் எங்க நின்னாங்க, ஜனங்க எங்க சிரிச்சாங்க. அதெல்லாம் வேணும்."

ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் மலையிறங்கி அவன் லேக்குப் போனான். கல்லூரிக் கூடத்தில் புழுக்கம் தாங்கவில்லை. மின்விசிறி ஒன்று சுற்றுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தது. நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தான். பேனாவைத் திறந்தான். இதுவரை எத்தனையோ நாடகங்களை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறான், எல்லாம் அவனுடையது. இன்னொருத்தருடைய நாடகத்துக்காக இப்படிக் காத்திருந்தது இல்லை. என்ன எழுதப்போகிறோம், எந்த வரி யாரைக் குத்தும் என்று நினைத்துப் பார்த்தான். வருஷக்கணக்காகக் கொனியோ இதைத்தான் செய்துகொண்டிருந்தாளா என்று தோன்றியது.

பக்கத்தில் இருந்த பெண்மணி பாக்கும் சுண்ணாம்பும் நீட்டினாள். அவளுடைய மகள் நடிக்கிறாளாம்.

"தம்பி எந்த ஊரு? யாரோட சொந்தம்?"

"யாருக்கும் சொந்தமில்லைக்கா" என்றான் மோண்டோ. "பிலாய் பத்திரிகையிலிருந்து வந்திருக்கேன்."

அவள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, தன் முன்னால் இருந்த பெரிய தலைக்காரனின் தோளைத் தட்டி, "கொஞ்சம் நகருப்பா, இவருக்கு நல்லா தெரியணும்" என்றாள். அவன் நகர்ந்தான். கூடத்தில் விளக்கை அணைத்தார்கள்.